மீட்டர் பெட்டிக்குத் தெரிந்தவை

மினுக்கும் சிவப்பு விளக்கு

நாலு நாள் ஊருக்குக் கிளம்புகிறோம். ஃபிரிட்ஜைக்கூடக் காலி செய்து அணைத்தாயிற்று. விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் பார்த்தாயிற்று. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் வாசல் சுவரில் இருக்கும் மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் மினுக்குகிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகு எதற்காக ஓடுகிறது? மீட்டர் பழுதா, வயரிங்கில் கசிவா, நம் லைனிலிருந்து வேறு யாராவது எடுக்கிறார்களா என்ற சந்தேகம் பலருக்கும் வந்திருக்கும்.

பெரும்பாலும் மூன்றும் இல்லை. ரிமோட்டால் அணைத்த செட்டாப் பாக்ஸ் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. வைஃபை ரவுட்டரை யாரும் அணைப்பதில்லை. கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டர், தன் பேட்டரியை நிறைத்து வைத்துக்கொள்ள ஓயாமல் கொஞ்சம் குடிக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு 40 வாட் ஆகலாம். அந்த 40 வாட்டைத்தான் விளக்கு சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது? மீட்டரின் முகப்பை உற்றுப் பார்த்தால் அந்த விளக்கின் அருகில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் செலவாவதற்குள் விளக்கு அத்தனை முறை மினுக்கும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது தெரிந்ததுதான். ஆக 3200 என்று போட்ட மீட்டரில், 2000 வாட் கீசர் ஓடும்போது விளக்கு நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முறை துடிக்கும். 120 வாட் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் சுமார் 9 நொடிக்கு ஒன்று. அந்த 40 வாட்டுக்கு 28 நொடிக்கு ஒன்று.

இதைக் கையோடு சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் ஒரே ஒரு கருவியை ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள். 3200 மீட்டராக இருந்தால் அந்த எண்ணை 19ஆல் பெருக்குங்கள். வருவது ஏறக்குறைய அந்தக் கருவியின் வாட். பழைய குண்டு பல்பு எவ்வளவு தின்கிறது, புது ஃபேன் உண்மையிலேயே பாதிதான் எடுக்கிறதா என்பதற்கெல்லாம் தனிக் கருவி வாங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வீட்டுப் பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த விளக்கு இருப்பது வாசலில், மாடிப்படிக்குக் கீழே, தெருவைப் பார்த்த சுவரில். நாம் எண்ணுவதை வேறொருவரும் எண்ணலாம். பொறுமையாக நாள் முழுக்க எண்ணினால் வீட்டுக்குள் நடப்பதில் எவ்வளவு அவருக்குத் தெரியவரும்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

படிகளைக் கண்ட இளைஞர்

1980களின் தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர், சூரிய மின்தகடு பொருத்திய வீடுகள் எப்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று பதிவு செய்துகொண்டிருந்தார். பதிவைக் கோடாக வரைந்தபோது அது மலைத்தொடர் மாதிரி வளைந்து நெளிந்து வரவில்லை. படிக்கட்டு மாதிரி வந்தது. திடீரென்று ஓர் ஏற்றம், கொஞ்ச நேரம் சமதளம், பிறகு அதே உயரத்துக்கு ஓர் இறக்கம். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு சுவிட்ச் போட்டது. ஒவ்வொரு இறக்கமும் ஒரு சுவிட்ச் அணைத்தது.

அதுவரை ஒரு வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு தின்கிறது என்று அறிய, ஆட்கள் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு கருவியிலும் அளவி மாட்ட வேண்டியிருந்தது. வாசலில் ஒரே இடத்தில் அளந்தாலே போதும், மீதியைக் கணக்குப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். ஒவ்வொரு கருவியும் மொத்தக் கோட்டில் விட்டுச் செல்லும் இந்த அடையாளத்தை மின்தடம் என்று சொல்வோம். எத்தனை வாட் ஏறுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, எப்படி இறங்குகிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் மின்தடம்.

வாட் மட்டும் போதாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸும் 1000 வாட் இழுக்கும் தண்ணீர் மோட்டாரும் ஒரே உயரப் படிதானே? பிரித்தறிய இரண்டு வழி உண்டு. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த நொடிக்குள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். படியின் விளிம்பில் ஊசி மாதிரி ஒரு முனை தெரியும். வீட்டில் மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அதுதான். இரண்டாவது, வெறும் கம்பிச்சுருளைச் சூடாக்கும் கருவி வாங்கிய மின்சாரம் முழுவதையும் தின்றுவிடும். மோட்டாரோ நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் வாங்கி லைனுக்கே திருப்பிக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவைத் திறன் காரணி காட்டும். வாட், திறன் காரணி இரண்டையும் ஒரே தாளில் குறித்தால் அயர்ன் பாக்ஸ் ஓர் இடத்திலும் மோட்டார் வேறோர் இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஹார்ட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறையை முழுமையாக விளக்கிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1992இல். அதற்கு முன்பே, 1989இல், இதே முறை வீடுகளை வெளியிலிருந்து கண்காணிக்கப் பயன்படக்கூடும் என்று எச்சரித்துத் தனியாக ஒரு கட்டுரை எழுதிவிட்டார். தான் உண்டாக்கிய கருவியின் ஆபத்தை, அது பரவும் முன்பே, தானே முன்வந்து சொன்னவர் என்பதால் அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

திருச்சியில் ஒரு வீடு

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாளைப் படித்துப் பார்ப்போம். கற்பனை வீடுதான். ஆனால் அதில் இருக்கும் கருவிகளும் அவற்றின் வாட்டும் நம் வீடுகளில் இருப்பவையே. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்குப் போகும் பையன் ஒருவன். பாட்டி. நம்மிடம் இருப்பது வாசல் மீட்டரில் நொடிக்கு நொடி எடுத்த பதிவு மட்டும். இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்கு வேறெதுவும் சொல்லப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

விடியற்காலை 4 மணி. கோடு 170 வாட்டில் சமமாக ஓடுகிறது. இரண்டு சீலிங் ஃபேன்கள் 150, ரவுட்டரும் செட்டாப் பாக்ஸும் 20. அவ்வப்போது 290க்கு ஏறிக் கால் மணி நேரம் கழித்து இறங்குகிறது. அது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர். இரவில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்பதால் தாளம் தப்பாமல் ஏறி இறங்குகிறது. இரண்டு ஃபேன் என்பதால் இரண்டு அறைகளில் ஆள் தூங்குகிறார்கள்.

இதற்கு முன்பே, 1.20க்கும் 3.05க்கும், 20 வாட் அளவில் ஒரு சின்னப் படி ஏறி ஐந்து நிமிடத்தில் இறங்கியிருக்கிறது. ஒரு டியூப் லைட். யாரோ எழுந்து பாத்ரூம் போய் வந்திருக்கிறார்கள். ஒருநாள் இப்படி இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. தினமும் இரவில் மூன்று நான்கு முறை என்றால், அந்த வீட்டில் வயதானவர் இருக்கலாம், சர்க்கரை நோய் இருக்கலாம் என்று ஊகிக்க மருத்துவராக வேண்டியதில்லை.

5.10க்கு டியூப் லைட். 5.15க்கு விளிம்பில் ஊசிமுனையோடு 1000 வாட் ஏறுகிறது. மோட்டார். 25 நிமிடத்தில் இறங்குகிறது, மேல்தொட்டி நிறைந்துவிட்டது. 5.45க்கு ஊசிமுனை இல்லாமல் நேர்குத்தாக 2000 வாட். கீசர். 12 நிமிடத்தில் தானாக அணைகிறது. சற்று நேரம் கழித்து மறுபடி ஏறுகிறது. வெந்நீரை யாரோ எடுத்ததால் அந்த இடத்தில் புகுந்த குளிர்ந்த தண்ணீரைக் கீசர் சூடாக்குகிறது. இப்படி ஏறியவற்றை எண்ணினால் எத்தனை பேர் வெந்நீரில் குளித்தார்கள் என்பது வந்துவிடும். வழக்கமாக மூன்று, இன்று இரண்டுதான். யாருக்கோ உடம்பு சரியில்லையா, ஊரில் இல்லையா?

6.20க்கு 500 வாட் படி, 40 நொடி. நிற்கிறது. மறுபடி 20 நொடி. மிக்ஸியில் சட்னி அரைபடுகிறது. முதலில் ஓட்டி, மூடியைத் திறந்து வழித்துவிட்டு, தண்ணீர் விட்டு இரண்டாம் சுற்று. 7.30க்கு 1000 வாட், இந்த முறை ஊசிமுனை இல்லை. ஏறுகிறது, ஒரு நிமிடம் நிற்கிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் தானே ஏறும் அயர்ன் பாக்ஸ். பள்ளிச் சீருடையாக இருக்கலாம், ஏனென்றால் சனி ஞாயிறுகளில் இந்தப் படி இல்லை.

8.40க்குள், எப்போதும் ஓடுபவை தவிர, எல்லாம் வரிசையாக இறங்கிவிடுகின்றன. ஆனால் 75 வாட் மட்டும் இறங்கவில்லை. ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருவர் இருக்கிறார், அனேகமாக ஒரே ஒருவர். 11 மணிக்கு அந்த ஃபேன் நின்று வேறெதுவும் ஏறாவிட்டால் அவரும் வெளியே போயிருக்கலாம். செவ்வாய், வெள்ளியில் மட்டும் இப்படி நடந்தால் கோயில் என்று ஊகிக்கலாம். ஞாயிறு மாலை 150 வாட் மோட்டார் 40 நிமிடம் ஓடினால் அது கிரைண்டர், வாரத்துக்கான இட்லி மாவு.

வீட்டுக்குள் கேமரா இல்லை, மைக் இல்லை. உள்ளே வந்து போகும் ஒற்றைக் கம்பியின் எண்கள்தான் இவ்வளவையும் சொல்கின்றன.

இதில் மிகை எதுவும் வந்துவிடக்கூடாது என்பதால் தடைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கருவிகளை ஒரே நொடியில் போட்டால் படிகள் ஒட்டிக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஏசி படியாக ஏறாமல் சரிவாக வழுக்கும். புதுவகை ஃபேன்கள் 30 வாட்டில் ஓடுவதால் பெரிய கருவிகளின் சலசலப்பில் மறைந்துபோகும். இவை எல்லாம் கணக்கைச் சிக்கலாக்குகின்றனவே தவிர நிறுத்திவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் பதிவுகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள், மங்கலான மின்தடங்களையும் ஓரளவு பிரித்துவிடுகிறது.

நொடியா, அரை மணியா, இரண்டு மாதமா

இப்போது அதே வீட்டின் அதே காலையை அரை மணிக்கு ஒரு முறை மட்டும் அளப்போம். 5 மணியிலிருந்து 5.30 வரை சுமார் 0.37 யூனிட். 5.30 முதல் 6 வரை சுமார் 0.69 யூனிட். கையில் இருப்பது இந்த இரண்டு எண்கள்தான். இரண்டாவதில் மோட்டாரின் கடைசிப் பத்து நிமிடம், கீசரின் பன்னிரண்டு நிமிடம், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அரைத்துக் கரைத்த மாவில் அரிசி எது உளுந்து எது என்று பிரிக்க முடியாதது போல, இதிலிருந்து மோட்டாரையும் கீசரையும் தனியே எடுத்துவிட முடியாது. சட்னி அரைத்தது மறைந்துவிட்டது. இரவில் பாத்ரூம் விளக்கு எரிந்தது மறைந்துவிட்டது.

எல்லாமே மறைந்துவிட்டதா என்றால், இல்லை. பகல் நேரத்து அரை மணிகளைப் பாருங்கள். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும்போது ஃபேன், ஃபிரிட்ஜ், ரவுட்டர் சேர்ந்து சுமார் 0.08 யூனிட். யாருமே இல்லாவிட்டால் ஃபேன் போய் 0.04. எந்தக் கருவி என்பது தெரியாவிட்டாலும் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது அரை மணிப் பதிவிலும் தெளிவாகத் தெரிகிறது. எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது படுக்கிறார்கள், எந்தக் கிழமை வீடு காலியாக இருக்கும் என்பதும் தெரியும். திருட வருபவனுக்கு மிக்ஸி எப்போது ஓடியது என்ற விவரம் தேவையே இல்லை. 0.04 போதும்.

இனி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமானது இதுதான். மின்வாரியத்திலிருந்து கணக்கெடுப்பவர் வருகிறார், எண்ணைக் குறிக்கிறார், போகிறார். 380 யூனிட். இந்த ஒரு எண்ணிலிருந்து ஏசி இருக்கலாம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கண்ணால் பார்த்தது மீட்டர் சொன்னதைவிட அதிகம்.

ஒரே கம்பி, ஒரே மின்சாரம். மாறியது ஒன்றே ஒன்று, எத்தனை நேரத்துக்கு ஒரு முறை அளக்கிறோம் என்பது. இதை அளவெடுப்பு இடைவெளி என்று சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 6 எண்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் 17,520. கால் மணிக்கு ஒன்று என்றால் 35,040. நொடிக்கு ஒன்று என்றால் 3 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். 6 எண்ணுக்கும் 3 கோடி எண்ணுக்கும் நடுவில் எங்கோ, பில் என்பது மெல்ல நாட்குறிப்பாக மாறிவிடுகிறது. தனியுரிமை பற்றிப் பேசும்போது எதை அளக்கிறார்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

டிவியில் ஓடுவது என்ன

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011இல் இதை எல்லை வரை இழுத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு வீட்டு மீட்டர் 2 நொடிக்கு ஒரு முறை அளவை அனுப்பிக்கொண்டிருந்தது. எல்சிடி டிவியில் வெளிச்சமான காட்சி வந்தால் கொஞ்சம் கூடுதல் மின்சாரம், இருட்டுக் காட்சி வந்தால் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் வரிசை வேறுவேறு அல்லவா? ஒரு படம் ஓடினால் மின்சாரம் எப்படி ஏறி இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, மீட்டர் பதிவோடு ஒத்துப் பார்த்தார்கள். மற்ற கருவிகள் குறுக்கிடாத சில நிமிடப் பதிவு கிடைத்தால், வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்றே சொல்ல முடிந்தது.

எல்லா டிவியிலும் எல்லா வீட்டிலும் இது நடக்காது. ஆனால் இடைவெளி 2 நொடியாக இல்லாமல் கால் மணியாக இருந்திருந்தால், எந்த டிவியிலும் நடந்திருக்காது.

மறுத்த நாடு, வழக்காடிய ஊர்

நெதர்லாந்து அரசு எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. கால் மணிக்கு ஒரு முறை எடுத்த மின்சார அளவு வெளியே போகும். மீட்டரை மறுப்பவருக்குத் தண்டனை உண்டு. நுகர்வோர் சங்கம் டில்பர்க் பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஆராயச் செய்தது. குடும்ப வாழ்க்கைக்கு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தரும் பாதுகாப்பை இது மீறுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. 2009இல் மேலவை சட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு, வேண்டாம் என்பவர் மறுக்கலாம், வைத்துக்கொண்டும் தொலைவிலிருந்து படிக்க வேண்டாம் என்று சொல்லலாம் என்ற திருத்தங்களோடுதான் அது நிறைவேறியது. மீட்டரும் வந்தது, மறுக்கும் உரிமையும் வந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேபர்வில் என்று ஓர் ஊர். அங்கே நகராட்சியே மின்சாரம் விநியோகிக்கிறது. கால் மணிக்கு ஒரு முறை அளக்கும் மீட்டரை எல்லா வீட்டிலும் வைப்பதை எதிர்த்துக் குடிமக்கள் நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். இப்படி அளப்பது, அரசமைப்புச் சட்டத்தின் கண்ணில், அரசு வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மின் விநியோகத்துக்காக மட்டும் எடுப்பதால், குற்றம் கண்டுபிடிக்க எடுக்காததால், இது நியாயமான சோதனைதான் என்று அனுமதித்தது. இடைவெளி இன்னும் குறுகினாலோ, பதிவு எளிதாகக் காவல்துறையின் கைக்குப் போனாலோ முடிவு வேறாக இருக்கலாம் என்றும் சொல்லிவைத்தது. இடைவெளி என்ற ஒற்றை எண் சட்டப் பிரச்சினையாகிவிட்டது.

எந்த வேலைக்கு எவ்வளவு போதும்

நம் நாட்டிலும் மீட்டர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2021இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. சென்னை தியாகராய நகரில் முன்னோடியாக ஸ்மார்ட் மீட்டர் பொருத்திப் பார்த்தார்கள். இவை கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை பதிந்து அனுப்பும் வசதி உள்ளவை.

நான் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிரி இல்லை. அதனால் வரும் சௌகரியங்கள் உண்மையானவை. கதவு பூட்டியிருந்ததால் போன தடவைக் கணக்கையே போட்டுவிட்டார்கள் என்ற சண்டை இருக்காது. தெருவில் கரண்ட் போனால், அணையும் முன் மீட்டரே கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிடும். யாரும் போன் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். எந்த டிரான்ஸ்பார்மர் தாங்காமல் சூடேறுகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

ஆனால் ஒவ்வொரு சௌகரியத்துக்கும் எவ்வளவு நுணுக்கமான பதிவு தேவை என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பில் போட மாதத்துக்கு ஒரு மொத்த எண் போதும். முன்கட்டணத்துக்கு மீதி எவ்வளவு என்பதை மீட்டரே தனக்குள் கழித்து வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஒரு விலை, பகலில் ஒரு விலை என்று வந்தாலும் அந்தந்த நேரத்து மொத்தத்தை மீட்டரே கூட்டி வைத்து மாதக் கடைசியில் இரண்டு மூன்று எண்களாகச் சொல்லலாம். கரண்ட் போன செய்திக்கு அளவே தேவையில்லை. டிரான்ஸ்பார்மரின் சுமையை அறிய டிரான்ஸ்பார்மரிலேயே ஒரு மீட்டர் வைத்தால் போதும், ஒரு தெருவே அதில் கலந்துவிடுவதால் எந்த வீடும் தனியே தெரியாது. திருட்டு மின்சாரத்தைப் பிடிக்க, டிரான்ஸ்பார்மர் கொடுத்த மொத்தத்தையும் வீடுகள் எடுத்த மொத்தத்தையும் ஒப்பிட வேண்டும். அதற்கு நாளுக்கு ஒரு எண் போதும். இந்தப் பட்டியலில் வீட்டுக்கு வீடு கால் மணிப் பதிவு தவிர்க்கவே முடியாதது என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தக் காரியத்துக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்குகிறார்களோ அதற்குத் தேவையான தகவலோடு அந்தச் சம்மதம் நின்றுவிடும். மின் பயன்பாட்டுப் பதிவுக்கும் இந்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். வீட்டுக்குப் புது மீட்டர் வரும்போது, எத்தனை நேரத்துக்கு ஒரு முறை பதிகிறது, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், மின்வாரியம் தவிர வேறு யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்பது நம் உரிமை. கேட்பவர்கள் கூடினால் பதில்களும் ஒழுங்காகும்.

தூரத்துப் பிள்ளைகள்

இதே பதிவு அன்பாகவும் பயன்படும் என்பதை மறைக்கக்கூடாது. ஜப்பானில் ஸோஜிருஷி நிறுவனம் 2001இல் ஒரு வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தது. தனியே இருக்கும் முதியவர் டீ போடக் கெட்டிலை இயக்கினால், அந்தத் தகவல் தூரத்தில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போய்ச் சேரும். அம்மா காலையில் டீ போட்டுவிட்டாள் என்பது தெரிந்தால் அன்றைய கவலை பாதி தீர்ந்தது.

பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். ஆனால் அந்தக் கெட்டில் எவ்வளவு கொஞ்சமாகச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். இயக்கினார், இயக்கவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் கேமரா மாட்டி நாள் முழுக்கப் பார்ப்பதற்கும் இதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மகள் அமெரிக்காவிலிருந்து, “ஏம்மா, நேத்து ராத்திரி மூணு தடவை எழுந்தியே, சுகர் பார்த்தியா?” என்று கேட்டால் அதில் அக்கறை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தன் இரவு தன்னுடையதாக இல்லாமல் போய்விடுகிறது. வயதானவர்களின் பாதுகாப்புக்காக எதையாவது மாட்டும் முன் எது தெரியலாம், எது வேண்டாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே முடிவு.

கணக்கு வீட்டுக்குள்ளேயே

நொடிக்கு நொடி எடுத்த பதிவால் மிகுந்த பயன் அடையக்கூடியவர் ஒருவர் உண்டு. அந்த வீட்டுக்காரர்தான். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தேய்ந்து கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறதா, மேல்தொட்டி வழக்கமாக 25 நிமிடத்தில் நிறைவது இப்போது 40 ஆகிறதா, கீசர் இரவெல்லாம் தானே போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறதா என்பவை அவருக்குத் தெரிந்தால் காசு மிச்சம். செட்டாப் பாக்ஸ் 10 வாட்டில் நாள் முழுக்க இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் போகிறது, யாரும் பார்க்காமலே.

இதற்குச் சந்தையில் வழி இருக்கிறது. மெயின் வயரைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் சிறிய மானிட்டர் கிடைக்கிறது. வயரை வெட்டாமலே ஓடும் கரண்ட்டை அளந்துவிடும். பொருத்த எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், மெயின் போர்டில் நாமே கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் தனியாகப் பார்க்க ஸ்மார்ட் பிளக் இருக்கிறது. கீசர், மோட்டார் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் தாங்கும் பிளக்தான் வாங்க வேண்டும்.

ஆனால் இவற்றில் பல, அளந்ததை முதலில் எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் நம் போனுக்குத் தருகின்றன. மின்வாரியத்திடம் நாம் கொடுக்கத் தயங்கிய நொடிப் பதிவை, ஒரு செயலியின் நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புக்கொண்டு நாமே கொடுத்துவிடுகிறோம். பதிவை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. வாங்கும் முன் கடைக்காரரிடம், வீட்டு இன்டர்நெட்டைத் துண்டித்தால் இது கணக்குக் காட்டுமா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வாங்கிய அன்றே ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, ரவுட்டரை அணைக்காமல் வைத்து, போனில் மொபைல் டேட்டாவையும் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் எண்கள் போனில் மாறிக்கொண்டிருந்தால், நெட் இல்லாமலே அது கணக்குக் காட்டுகிறது. பிறகு அதன் அமைப்புகளில் நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டால் கணக்கு வீட்டோடு நிற்கும். சோதனையில் எண்கள் நின்றுபோனால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடலாம்.